‘பசங்க வந்து சொல்றதில்லை’ன்னு இனிமே யாரும் சொல்லாதீங்க

நீளமான இழை. பொறுமையா படிங்க. ஆசிரியர்கள், தலைமை ஆசிரியர்கள் என் நட்பு வட்டத்தில் நிறைய பேர் இருக்கீங்க. திட்டணும்னு தோணினா முழுசா படிச்சுட்டுத் திட்டுங்க.

போன வாரம் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பொதுத்தேர்வு எழுதப் போற பிள்ளைகளுக்கு ஊக்கமூட்டும் நிகழ்ச்சி. தாலுகா ஆஸ்பத்திரி டாக்டர் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டு, பொன்னாடை போட்டு, மேடையில் உட்கார வைச்சாங்க. சிறப்புப் பேச்சாளர் வந்தார். முதல் பதினைந்து நிமிஷம் கதை, ஜோக், கைதட்டல். அப்புறம் குரலை இறக்கினார்.

"எல்லாரும் கண்ணை மூடுங்க. உங்க அம்மா முகத்தை நினைச்சுப் பாருங்க. அவங்க கை வெடிப்பை நினைச்சுப் பாருங்க. உனக்காகத்தானே பட்டினி கிடந்தாங்க? நீ ஃபெயிலானா அவங்க தெருவில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பாங்க?"

பின்னாடி ஸ்பீக்கரில் சோக இசை வேற.

முதலில் ஒரு பொண்ணு விசும்பினா. ரெண்டு நிமிஷத்தில் ஹால் முழுக்க அழுகை. ஆசிரியர்கள் சிலர் அதைச் செல்போனில் எடுத்துட்டு இருந்தாங்க. சாயங்காலம் ஸ்டேட்டஸில் பார்த்தேன், ‘கண்கலங்க வைத்த தருணம்’ என்று போட்டிருந்தாங்க.

அன்னைக்கு மதியமே அந்தப் பள்ளியிலிருந்து மூணு பிள்ளைகளை ஆட்டோவில் எங்க கேஷுவாலிட்டிக்குக் கூட்டிட்டு வந்தாங்க. வேகவேகமா மூச்சு வாங்கி, விரல் இழுத்துக்கிட்டு, ஒருத்தி மயங்கியே விழுந்திருக்கா. அந்த ‘தருணம்’ எந்த ஸ்டேட்டஸிலும் வரல.

மேடையை விட்டு இறங்கும்போது தலைமை ஆசிரியர் என்கிட்ட வருத்தமாத்தான் சொன்னார்: "நாங்க என்ன சார் பண்றது? இந்தக் காலத்துப் பசங்க மனசு விட்டு எதையும் சொல்றதில்லை. வந்து சொன்னாத்தானே நமக்குத் தெரியும்?"

அவர் நல்ல மனுஷன். ஆனா அவர் சொன்னது தப்பு. டிவி விவாதத்தில் சொல்றதும் இதுதான், அதிகாரிகள் கூட்டத்தில் சொல்றதும் இதுதான், எங்க டாக்டர்கள் வாட்ஸப் குரூப்பில் சொல்றதும் இதுதான். இந்த ஒரு வரிக்குத்தான் இந்த இழை.

பசங்க வந்து சொல்றாங்க. தினமும் சொல்றாங்க. நம்மகிட்டதான் கேட்கிறதுக்கு ஆளும் இல்லை, இடமும் இல்லை, நேரமும் இல்லை.

முதலில் நான் யாருன்னு சொல்லிடறேன். நான் மனநல மருத்துவர் இல்லை. வெறும் எம்பிபிஎஸ். டெல்டாவில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் காலையில் ஓபி, முறை வந்தா ராத்திரி கேஷுவாலிட்டி. காய்ச்சல், சளி, பாம்புக்கடி, பைக் விபத்து எல்லாம் பார்க்கிற டியூட்டி டாக்டர். அதனாலதான் எனக்கு இது தெரியும். மனசு சரியில்லாத பிள்ளை முதலில் வந்து நிக்கிறது மனநல மருத்துவர்கிட்ட இல்லை. என்னை மாதிரி ஆள்கிட்டதான்.

எப்படி வர்றாங்க தெரியுமா?

வயித்து வலின்னு வர்றாங்க. தலைவலின்னு வர்றாங்க. பிரேயரில் மயங்கி விழுந்துட்டான்னு பி.இ.டி. சார் தூக்கிட்டு வர்றார். வலிப்பு மாதிரி வருது, ஆனா நாக்கைக் கடிக்கலை, ஈசிஜியில் ஒண்ணும் இல்லை, ஸ்கேனில் ஒண்ணும் இல்லை. பையன்களா இருந்தா வலின்னு வர மாட்டாங்க. சுவரில் குத்தி விரல் எலும்பு உடைஞ்சு வருவாங்க. பைக்கில் விழுந்து வருவாங்க. உதட்டுக்குள்ள கூல் லிப் வச்சு வச்சு வாய் வெந்து வருவாங்க. "ஏன்டா இதை வைக்கிற?"ன்னு கேட்டா, "வச்சா மண்டை அமைதியா இருக்கு சார்" என்பான். இதைவிடத் தெளிவா ஒரு பதினாறு வயசுப் பையன் தன் மனநிலையை எப்படிச் சொல்லுவான்?

காலை ஓபியில் நான் பார்க்கிறது 120 சீட்டு. மூணு மணி நேரம். கணக்குப் போட்டா ஒரு ஆளுக்கு ஒன்றரை நிமிஷம். பிள்ளை உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் அம்மா நிப்பாங்க. அம்மாதான் பேசுவாங்க. அறைக்குக் கதவு கிடையாது, அடுத்த நோயாளியோட தலை உள்ளே நீட்டிட்டு இருக்கும். "தூக்கம் எப்படிம்மா?"ன்னு நான் கேட்டா, "நல்லா தூங்குறா சார், எழுப்பவே முடியல" என்று அம்மா பதில் சொல்லுவாங்க. பிள்ளை தரையைப் பார்க்கும். நான் ஒரு பான்டோப்ரசோல், ஒரு சத்து மாத்திரை எழுதிட்டு "நேரத்துக்குச் சாப்பிடும்மா"ன்னு அனுப்பிடுவேன்.

அந்தப் பிள்ளை வந்து சொல்லலையா? சொல்லுச்சு. எனக்கு ஒன்றரை நிமிஷம்தான் இருந்தது.

இப்ப ஒரு பொண்ணைப் பத்திச் சொல்றேன். அவகிட்டயும் அவங்க அம்மாகிட்டயும் கேட்டுட்டுதான் எழுதுறேன், அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

பிளஸ் டூ. ரெண்டு மாசத்தில் மூணாவது தடவையா வயித்து வலின்னு வந்தா. மூணாவது தடவை என் ராத்திரி டியூட்டி. கேஷுவாலிட்டியில் அன்னைக்கு அதிசயமா கூட்டம் இல்லை. அம்மா சீட்டு போடவும் பார்மசிக்குமா அலைஞ்சுட்டு இருந்தாங்க. ஸ்டாஃப் நர்ஸ் அக்கா ஒருத்தங்க, இருபது வருஷ சர்வீஸ், என்கிட்ட மெதுவா, "சார், இந்தப் பொண்ணு வயித்தைப் பிடிச்சுக்கவே இல்லை, கவனிச்சீங்களா?" என்றாங்க. அப்பதான் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எத்தனை நாளாம்மா தூக்கம் இல்லை?"ன்னுதான் கேட்டேன். வேற எதுவும் கேட்கல. பத்து நிமிஷம் அவளே பேசினா. ஒரு மாசமா ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடுதாம். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாளாம், ஒரு வரியும் நிக்கலையாம். தோழிகளோட பேசப் பிடிக்கல, சோறு மண்ணு மாதிரி இருக்கு, எல்லாரும் தூங்கினதுக்கு அப்புறம் காணாமப் போயிட்டா நல்லா இருக்கும்னு தோணுதாம். கடைசியா அவ கேட்டது: "இது டிப்ரஷன்தானே சார்? இதுக்கு மாத்திரை இருக்குல்ல?"

கவனிங்க. ஒரு கிராமத்துப் பொண்ணு, அப்பா டிராக்டர் ஓட்டுறவர், அம்மா நடவு வேலைக்குப் போறவங்க. அவளுக்கு நோயோட பேரும் தெரியும், சிகிச்சை இருக்குன்னும் தெரியும், டாக்டரைப் பார்க்கணும்னும் தெரியும். அதுக்காக மூணு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கா. இதுக்கு மேல அவளுக்கு என்ன ‘விழிப்புணர்வு’ கொடுக்கப் போறீங்க?

வருஷா வருஷம் அக்டோபர் 10 உலக மனநல நாளுக்கு ஊர்வலம் விடுறோம், கோலப் போட்டி வைக்கிறோம், உறுதிமொழி எடுக்கிறோம். விழிப்புணர்வு பிள்ளைகளுக்கு எப்பவோ வந்துடுச்சு. வராதது டாக்டர்தான்.

அவளை நான் எங்கே அனுப்பினேன்னு கேளுங்க.

வழி ஒன்று: மாவட்டத் தலைமை மருத்துவமனை, மனநலப் பிரிவு. 46 கிலோமீட்டர், ரெண்டு பஸ். ஓபி நேரம் காலை. அதாவது பள்ளிக்கு லீவு, அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போச்சு. அங்கே பெரியவங்க வரிசையில் சீருடையோட நிக்கணும்.

வழி ரெண்டு: மாவட்ட மனநலத் திட்டத்தில் ஒரு மனநல மருத்துவர் எங்க ஆஸ்பத்திரிக்கே வர்றார். மாசத்தில் ரெண்டு செவ்வாய்க்கிழமை. பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும். அந்த ரெண்டு செவ்வாயிலும் அவளுக்குத் திருப்புதல் தேர்வு. லீவு கேட்டா வகுப்பு ஆசிரியர் காரணம் கேட்பார். என்ன சொல்லுவா?

வழி மூணு: போன். 14416, டெலி-மானஸ். 2022 அக்டோபர் 10இல் தொடங்கினது, தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ன்னு பேர். நல்ல சேவை, நானே பலருக்குக் கொடுத்திருக்கேன், இப்பவும் கொடுப்பேன். நம்பரை எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கி ரெண்டா மடிச்சுக்கிட்டு கேட்டா பாருங்க:

"வீட்ல ஒரே ரூம் சார். நான் எங்க நின்னு பேசுறது?"

என்கிட்ட பதில் இல்லை. போனும் அவளுது இல்லை, அம்மாவுது.

அம்மாவைத் தனியா உட்கார வச்சுப் பேசினேன். "மனநல டாக்டரா? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க விசாரிச்சா யாரு சார் பதில் சொல்றது?" என்று அழுதாங்க. மறுநாள் மந்திரிக்கக் கூட்டிட்டுப் போனாங்க. இதைப் படிச்சதும் சில பேர் ‘மூடநம்பிக்கை’ன்னு கமென்ட் போட விரலைத் தூக்குவீங்க. கொஞ்சம் இறக்குங்க. மந்திரிக்கிறவர் சாயங்காலம் ஆறு மணிக்கு இருந்தார். நடக்கிற தூரத்தில் இருந்தார். லீவு லெட்டர் கேட்கல, யார்கிட்டயும் சொல்லல, அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டார். அவர் கட்டின கயிறு வேலை செய்யாது, அது வேற விஷயம். ஆனா வந்தவங்களை எப்படி வரவேற்கணும்ங்கிறதில் அவர் நம்மை ஜெயிச்சுட்டார்.

சட்டம் என்ன சொல்லுது? மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, 18ஆம் பிரிவு. அரசு நடத்துகிற மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை. சலுகை இல்லை, திட்டம் இல்லை, உரிமை. அதே பிரிவில், குழந்தைகள் உட்பட யாரும் இந்தச் சேவைக்காக நீண்ட தூரம் பயணம் செய்ய வேண்டி வரக் கூடாது, இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கிடைக்கணும் என்றும் இருக்கு. 46 கிலோமீட்டர் பக்கமா தூரமா, நீங்களே சொல்லுங்க.

2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு இருக்கு. தமிழ்நாடும் அதில் ஒரு மாநிலம். 13 முதல் 17 வயது வரைக்கும் உள்ளவங்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருக்குன்னு சொன்னாங்க. கோவிடுக்கு முன்னாடி எடுத்த கணக்கு. 800 பேர் படிக்கிற ஒரு பள்ளியை எடுத்துக்கோங்க. 58 பேர். ஒரு முழு வகுப்பறை. அந்த வகுப்பறைக்கு யார் வாத்தியார்?

இதே அரசாங்கத்துக்கு வகுப்பறை வரைக்கும் போகத் தெரியும். அதுதான் எனக்குக் கோபமே. குடற்புழு மாத்திரை வருஷத்துக்கு ரெண்டு தடவை பெஞ்சுக்கே வருது. இரும்புச் சத்து மாத்திரை வாரம் ஒரு நாள், வகுப்பாசிரியர் முன்னாடி முழுங்க வைக்கிறாங்க. பள்ளிச் சிறார் நலத்திட்டத்தில் டாக்டர், நர்ஸ் வேனில் வந்து கண், பல், எடை, ரத்தம் பார்க்கிறாங்க, கண்ணாடி கொடுக்கிறாங்க, இருதயத்தில் ஓட்டைன்னா ஆபரேஷன் வரைக்கும் கொண்டு போறாங்க. எத்தனையோ பிள்ளைகள் உயிர் பிழைச்சிருக்கு, பெருமையாவே சொல்லுவேன். புழுவுக்கு மாத்திரை வகுப்பறைக்குப் போகுது. மனசுக்கு மட்டும் பிள்ளை ரெண்டு பஸ் மாறி வரணும்.

உள்ளே இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்ச விஷயம் ஒண்ணு சொல்றேன். அந்த வேன் டீம் கையில் இருக்கிற படிவத்தில் வளரிளம் பருவத்தினருக்குன்னு ஒரு பகுதி இருக்கு. அதில் மனச்சோர்வா உணர்கிறாயா என்பதற்கும் ஒரு கட்டம் இருக்கு. கட்டத்தை வச்சவங்க நல்லா யோசிச்சுதான் வச்சிருக்காங்க. ஆனா ஒரு பள்ளியை ஒரு நாளில் முடிக்கணும், பிள்ளைகள் வரிசையில், பின்னாடி நிக்கிறவன் காதில் விழுற தூரத்தில். "ஏம்மா, மனசு கஷ்டம் ஏதாவது இருக்கா?" "இல்ல டாக்டர்." டிக். அடுத்த ஆள். நானும் ஒரு வருஷம் அந்த வேனில் போயிருக்கேன். அந்த டிக்கை நானும் போட்டிருக்கேன்.

இனி ஆலோசகர் விஷயத்துக்கு வருவோம். 2025 ஜூலை 25இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கக் கல்வி நிறுவனங்களுக்கு வழிகாட்டு நெறிமுறைகள் கொடுத்தது. 100 பேரோ அதுக்கு மேலயோ படிக்கிற இடத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருத்தராவது இருக்கணும். சின்ன நிறுவனம்னா வெளியில் இருக்கிற நிபுணர்களோட முறையான தொடர்பு இருக்கணும். மதிப்பெண்ணை வச்சுப் பிள்ளைகளைப் பிரிச்சு உட்கார வைக்கக் கூடாது, எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்தக் கூடாது.

உங்க வீட்டுப் பிள்ளை படிக்கிற பள்ளியில் அந்த ஆலோசகர் யாருன்னு கேட்டுப் பாருங்க. நான் கேட்ட பள்ளிகளில், அரசுப் பள்ளி தனியார் பள்ளி ரெண்டிலும், கிடைச்ச பதில் ஒரு ஆசிரியரோட பேர். கணக்கு டீச்சர், ‘கூடுதல் பொறுப்பு’. காலையில் ஸ்லிப் டெஸ்டில் மார்க் குறைஞ்சதுக்கு வெளியே நிக்க வச்ச அதே டீச்சர்கிட்ட, மதியம் போய் ‘எனக்கு வாழப் பிடிக்கல மிஸ்’னு ஒரு பிள்ளை சொல்லணுமாம். சொல்லலைன்னா ‘பசங்க வந்து சொல்றதில்லை’.

ஆசிரியர்களை நான் குறை சொல்லலை. எமிஸில் விவரம் ஏத்தவே அவங்களுக்குப் பாதி நாள் போகுது. உண்மையில், என்கிட்ட சரியான நேரத்தில் வந்து சேர்ந்த பிள்ளைகளில் பாதிப் பேரை அனுப்பினதே ஆசிரியர்கள்தான். "சார், நல்லா படிச்ச பையன், ரெண்டு வாரமா பென்சிலைக் கூட எடுக்க மாட்டேங்கறான்"னு ஒரு தமிழ் ஐயா ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்குப் போன் பண்ணினார். கண்டுபிடிக்கிற கண் அவங்களுக்கு இருக்கு. கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் யாருக்குப் போன் பண்ணணும்னுதான் தெரியல. எனக்குப் பண்றாங்க. நான் யாருக்குப் பண்றது?

ஆளை நியமிக்காத இடத்தில் பேச்சாளர் வந்து உட்கார்ந்துடுவார். 2024இல் சென்னையில் ஒரு அரசுப் பள்ளியில் ஒருத்தர் வந்து, குறையோட பிறக்கிறதுக்கு முன்ஜென்ம பாவம்தான் காரணம்னு பேசினதும், பார்வை மாற்றுத்திறனாளி ஆசிரியர் ஒருத்தர் அங்கேயே எழுந்து எதிர்த்துக் கேட்டதும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அப்ப எல்லாரும் கொதிச்சோம். நான் பார்த்த நிகழ்ச்சியில் முன்ஜென்மம் வரல, அதனால யாருக்கும் கொதிக்கல. ஏற்கனவே குற்ற உணர்ச்சியில் தூக்கம் கெட்டுக் கிடக்கிற பிள்ளைகிட்ட ‘உன்னாலதான் உங்க அம்மா கஷ்டப்படுறா’ன்னு மைக்கில் சொல்றது மருத்துவ ரீதியா எவ்வளவு ஆபத்துன்னு தெரியுமா? மனச்சோர்வு நோயில் பிள்ளையோட மூளை மூணு மணிக்கு எழுப்பி உட்கார வச்சுச் சொல்ற பொய்யே இதுதான். அந்தப் பொய்க்கு நாம ஸ்பீக்கர் பாக்ஸ் வாடகைக்கு எடுத்துக் கொடுக்கிறோம்.

எழுதவே கஷ்டமா இருக்கிற பகுதி இது.

பேப்பரில் இந்த வரியைச் சின்ன வயசிலிருந்து படிச்சிருப்பீங்க: ‘தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்த மாணவி...’ மீதி வரியை நான் எழுதல, உங்களுக்கே தெரியும். நான் படிக்கிற காலத்தில் நினைப்பேன், அது என்ன வயித்து வலி, தமிழ்நாட்டுப் பொண்ணுங்களுக்கு மட்டும் தீராம இருக்குன்னு. கேஷுவாலிட்டிக்கு வந்தப்புறம்தான் புரிஞ்சது. வீட்டில் அப்படித்தான் சொல்லச் சொல்லுவாங்க. போலீஸ் பயம், ஊர் பயம். நாங்க ஏஆர் புத்தகத்தில் அதையே எழுதுவோம், அங்கிருந்து ஸ்டேஷனுக்கு, ஸ்டேஷனிலிருந்து பேப்பருக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 13,044 மாணவர்களை இப்படி இழந்தோம். தமிழ்நாட்டில் 1,416 பேர், மகாராஷ்டிராவுக்கு அடுத்த இடம். எங்க ஏஆர் புத்தகத்து வயித்து வலி எல்லாம் அந்தக் கணக்கில் எந்தக் காரணத்துக்குக் கீழே போய் உட்கார்ந்திருக்கும்? ‘நோய்’ன்னு ஒரு தலைப்பு இருக்கு, அங்கேதான்னு நினைக்கிறேன்.

நான் சொல்ல வர்றது இதுதான். அந்த வயித்து வலி பொய் இல்லை. அதே பிள்ளை அதே வயித்து வலியோட அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை, மூணு தடவை என்னை மாதிரி ஒருத்தர் ஓபியில் வந்து உட்கார்ந்திருக்கும்.

அந்தக் கட்டத்துக்குப் போனப்புறம் நம்ம சிஸ்டம் என்னமா வேலை செய்யுது! 108 வருது, ஐசியூ திறக்குது, எல்லாம் இலவசம், மனநல மருத்துவர் கட்டில் பக்கத்துக்கே வந்து பார்க்கிறார். அந்த டாக்டர் ஒரு மாசம் முன்னாடி, பிள்ளை நடந்து வந்தப்ப, எங்கே இருந்தார்? அப்பவும் முழுசா பார்க்க விட மாட்டாங்க. உடம்பு தேறினதும் ‘எங்க விருப்பத்தின் பேரில் அழைத்துச் செல்கிறோம்’னு கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. பெற்றோருக்கு ஒண்ணு சொல்றேன், கேஸ் ஆகிடும்னு பயந்து ஓடாதீங்க. 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு அந்த நிலைக்கு வந்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராத்தான் பார்க்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லுது. பழைய 309ஆம் பிரிவும் 2024 ஜூலை 1இலிருந்து வந்த புதுச் சட்டத்தில் அந்த வடிவில் இல்லை. பிள்ளையை அந்த டாக்டரைப் பார்க்காம மட்டும் கூட்டிட்டுப் போகாதீங்க.

என்னைப் பத்தியும் சொல்லணும், இல்லைன்னா இது நேர்மையா இருக்காது.

நான் எம்பிபிஎஸ் படிச்சப்ப மனநலப் பிரிவில் போஸ்டிங் ரெண்டு வாரம். தனித் தேர்வு கிடையாது. மெடிசின் பேப்பரில் ஒரு குறுவினா வரும், வந்தாலும் சாய்ஸில் விட்டுடலாம். அந்த ரெண்டு வாரத்தில் பாதியை நாங்க லைப்ரரியில் கழிச்சோம். அப்படித்தான் வெளியே வந்தோம். டியூட்டி ரூமில் இந்தப் பிள்ளைகளுக்கு நாங்க வச்சிருந்த பேரு ‘சீன் கேஸ்’. கேஸ் ஷீட்டில் நாகரிகமா ‘ஃபங்ஷனல்’னு எழுதுவோம்.

ஒரு பையன், பத்தாவது. தலைவலின்னு மூணு தடவை வந்தான். ரெண்டு தடவை பாராசிட்டமால் கொடுத்தேன். மூணாவது தடவை கண் டாக்டருக்கு எழுதி அனுப்பினேன். அந்த மூணாவது தடவை அவன் அறையை விட்டுப் போகாம ஒரு நிமிஷம் நின்னான். "வேற என்னப்பா?"ன்னு கேட்டேன். "ஒண்ணும் இல்ல சார்" என்றான். அடுத்த சீட்டைக் கூப்பிட்டேன். பரீட்சை எழுதவே இல்லை, திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிட்டான்னு அப்புறம் அவங்க பாட்டி சுகர் மாத்திரை வாங்க வந்தப்ப சொன்னாங்க. உயிரோடதான் இருக்கான். எந்தக் கணக்கிலும் வர மாட்டான். அவன் நின்ன அந்த ஒரு நிமிஷம் எனக்கு இன்னும் மறக்கல.

கமென்ட்டில் ஏற்கனவே ஆரம்பிச்சுட்டீங்க, அதுக்கும் பதில் சொல்லிடறேன்.

"எங்க காலத்துல அடி வாங்கித்தான் வளர்ந்தோம்." உங்க காலத்துப் பேப்பரிலும் அந்தத் தீராத வயித்து வலி இருந்ததுங்க. நீங்க தப்பிச்சவர், அதனால கமென்ட் போட முடியுது.

"எல்லாத்துக்கும் செல்போன்தான் காரணம்." பங்கு இருக்கு, மறுக்கல. ஆனா ராத்திரி மூணு மணிக்கு ரீல்ஸ் பார்க்கிற பிள்ளை, ரீல்ஸால தூங்கலையா, தூக்கம் வராததால ரீல்ஸ் பார்க்குதான்னு ஒரு தடவை கேட்டுட்டு அப்புறம் போனைப் பிடுங்குங்க.

"மாத்திரை கொடுத்துப் பிள்ளைகளை அடிமை ஆக்குறீங்க." மனச்சோர்வுக்குக் கொடுக்கிற ஃப்ளுவாக்ஸெடின் போதை மாத்திரை இல்லை. லேசான பாதிப்புக்கு மாத்திரையே தேவைப்படாது, பேச்சு சிகிச்சைதான் முதலில். மாத்திரை ஆரம்பிச்சா முதல் சில வாரம் இளவயசுக்காரங்களை நெருங்கிக் கண்காணிக்கணும், தானா நிறுத்தவும் கூடாது. இதைச் சரியா செய்ய அடிக்கடி பார்க்கிற தூரத்தில் ஆள் இருக்கணும்னுதானே தொண்டை கிழியக் கத்திட்டு இருக்கேன்.

"நீட்டைப் பத்திப் பேசாம இதென்ன?" நீட்டைப் பத்தியும் பேசணும். ஆனா நான் பார்க்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவங்க நீட் எழுதவே போறதில்லை. அவங்களுக்காக எந்த சீசனிலும் விவாதம் நடக்கிறதில்லை.

இன்னொரு கேள்வி ஒரு சகோதரி கேட்டிருக்காங்க, முக்கியமானது: "பெண் பிள்ளைகள் காதல் விவகாரத்தை டாக்டரிடம் சொன்னால் வீட்டுக்கு, போலீஸுக்குப் போய்விடுமா?" உண்மையைச் சொல்றேன். 18 வயசுக்குக் கீழே இருந்தா சிகிச்சைக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ வந்தாகணும். பாலியல் தொடர்புன்னு தெரிஞ்சா போக்சோ சட்டப்படி நான் தகவல் கொடுத்தே ஆகணும், கொடுக்கலைன்னா என் மேல குற்றம். கொடுமைக்கு ஆளாகிற பிள்ளையைக் காப்பாத்த அந்தச் சட்டம் வேணும், அதில் எனக்கு ரெண்டு கருத்து இல்லை. ஆனா என் முன்னாடி பாதி பேசிட்டு, "அம்மாகிட்ட சொல்லிடுவீங்களா சார்?"னு நிறுத்தின பிள்ளைகள் எத்தனையோ. எதைச் சொன்னா எனக்குள்ளேயே இருக்கும், எதைச் சொன்னா நான் வெளியே சொல்லியாகணும்னு முதல் நிமிஷத்திலேயே பொறுமையா விளக்க ஒரு ஆள் வேணும். அதுக்குப் பயிற்சி பெற்றவர் வேணும். கணக்கு டீச்சரால முடியாது. ஒன்றரை நிமிஷத்தில் என்னாலயும் முடியாது.

பெரிய கட்டடம் எதுவும் நான் கேட்கல. தாலுகா ஆஸ்பத்திரியில் வாரம் ரெண்டு சாயங்காலம், நாலு மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும், கதவு இருக்கிற ஒரு அறை. போர்டில் ‘மனநலம்’னு எழுத வேண்டாம், ‘வளரிளம் பருவ நலம்’னு எழுதுங்க, முகப்பரு காட்டுற மாதிரி வரட்டும். ஒன்றியத்துக்கு ஒரு உளவியலாளர், எந்தப் பள்ளியோட தேர்ச்சி விகிதத்துக்கும் பதில் சொல்ல வேண்டாதவர், சம்பளம் சுகாதாரத் துறையிலிருந்து. சீட்டு காட்டினா அந்த நாளுக்கு வருகைப் பதிவு போகக் கூடாது, தவறின தேர்வை அடுத்த நாள் எழுத விடணும். விளையாட்டுப் போட்டிக்குப் போற பிள்ளைக்கு ஓடி போடுறீங்களே, அதே மாதிரி. வேன் டீமுக்கு அந்த ஒரு கட்டத்துக்காக மட்டும் தனியா ஒரு நாள். பொன்னாடைக்கும் ஸ்பீக்கர் பாக்ஸுக்கும் செலவு பண்றதை இதில் போடுங்க.

இதைப் படிக்கிற மாணவர் யாராவது இருந்தா: 14416. 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். 104இலும் பேசலாம், 1098 குழந்தைகளுக்கானது. எங்க நின்னு பேசுறதுன்னு தெரியலைன்னா பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு எந்த நேரமும் வாங்க. வயித்து வலின்னே சொல்லிட்டு வாங்க. டாக்டர்கிட்ட "ஒரு நிமிஷம் தனியா பேசணும்"னு மட்டும் சொல்லுங்க. தூக்கித் தூக்கி அனுப்பினாலும் இன்னொரு தடவை வாங்க. நாங்க கத்துக்கிட்டு இருக்கோம்.

அந்தப் பொண்ணு என்ன ஆனாள்னு கேட்பீங்க.

மந்திரிச்சதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு அம்மாவே கூட்டிட்டு வந்தாங்க, ராத்திரி, என் டியூட்டி இருக்கான்னு விசாரிச்சுட்டு. மாவட்டத் திட்டத்து மனநல மருத்துவர் எனக்கு ஒரு வருஷம் ஜூனியர். போன் பண்ணிக் கெஞ்சினேன். தன் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மணிக்குக் கிளம்ப வேண்டியவர், அவளுக்காக நாலரை மணி வரைக்கும் எங்க டியூட்டி ரூமில் உட்கார்ந்திருக்கார். அவ பள்ளிக்கூடம் விட்டு சீருடையில், பையோட நேரா வர்றா. அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, தெரிஞ்சவங்க கேட்டா "ரத்தம் கம்மியாம், ஊசி போட வந்தோம்"னு சொல்றாங்க. ஆறு தடவை வந்துட்டா. போன தடவை நர்ஸ் அக்காகிட்ட உயிரியல் புத்தகத்தைக் கொடுத்து கேள்வி கேட்கச் சொன்னாளாம்.

அவர் ஒப்பந்தப் பணியாளர். மார்ச் 31ஓட ஒப்பந்தம் முடியுது, நீட்டிப்பு பத்தி இன்னும் கடிதம் வரல. பொதுத்தேர்வும் அதே மாசம்தான்.